‘தி கலர் ஆஃப் ஃபிரெண்ட்ஷிப்’: பிள்ளைகளோடு படம் பார்த்தபின் வரும் கேள்விகள்

எங்கள் தெருப் படிப்பகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். இந்தப் படத்தை மட்டும் இதுவரை நான்கு முறை போட்டாயிற்று. நான்கு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வந்தன. பிள்ளைகள் கேட்டவை, கூட வந்த பெற்றோர் கேட்டவை, படம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டவை எல்லாவற்றையும் அவரவர் கேட்ட மாதிரியே எழுதிவைத்துப் பதில் தந்திருக்கிறேன். கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளைப் படித்துவிட்டு, மீதியைப் பார்த்தபிறகு படியுங்கள்.

இது என்ன படம்? கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

2000 பிப்ரவரி 5 அன்று டிஸ்னி சேனலில் வந்த தொலைக்காட்சிப் படம். இயக்கியவர் கெவின் ஹூக்ஸ். சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருது அந்த ஆண்டு இதற்குக் கிடைத்தது. நீளம் ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

கதை நடப்பது 1977-ல். மாரீ போக் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக்காரப் பெண், அப்பா போலீஸ்காரர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சில மாதம் அமெரிக்காவில் தங்கிப் படிக்க வருகிறாள். அவளை ஏற்றுக்கொள்வது வாஷிங்டனில் இருக்கும் டெல்லம்ஸ் குடும்பம். அந்த வீட்டுப் பெண் பைப்பருக்கும் அவள் வயதுதான். பைப்பரின் அப்பா ரான் டெல்லம்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், கறுப்பினத்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்றதும் கறுப்பினப் பெண்ணைத்தான் பைப்பர் எதிர்பார்க்கிறாள். எம்.பி. வீடு என்றால் வெள்ளையர் வீடுதான் என்று மாரீ நினைத்து வருகிறாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்க்கும்போது கதை தொடங்குகிறது.

நிஜமாவே நடந்ததா, இல்ல கற்பனையா?

அடிப்படை நிஜம். பைப்பர் டெல்லம்ஸ் தன் இளவயது அனுபவத்தை வைத்து எழுதிய சிறுகதைதான் படத்துக்கு மூலம். ஆனால் படத்துக்காகச் சேர்த்ததும் மாற்றியதும் உண்டு. ஒவ்வொரு காட்சியும் அப்படியே நடந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ரான் டெல்லம்ஸ் முழுக்க நிஜ மனிதர். கலிஃபோர்னியாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1971 முதல் 1998 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். தென்னாப்பிரிக்க அரசுக்கு எதிராகப் பொருளாதாரத் தடை கேட்டு 1972-லேயே மசோதா கொண்டுவந்தார். அப்போது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 14 வருடம் கழித்து, 1986-ல் தடைச் சட்டம் நிறைவேறியது. அதிபர் ரீகன் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். பிரதிநிதிகள் சபை 313-க்கு 83, செனட் 78-க்கு 21 என்ற வாக்குகளில் அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டு மறுபடி நிறைவேற்றின. படத்தில் வரும் அப்பா அந்த 14 வருடத்தின் நடுவில் நிற்கிறார் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அவருடைய கோபமும் பொறுமையும் நன்றாகப் புரியும்.

அபார்தைட்னா நிறவெறிதானே? அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

நிறவெறி மனிதர்களின் மனதில் இருப்பது. அபார்தைட் அதையே சட்டப் புத்தகமாக்கி, போலீஸ், நீதிமன்றம், பத்திர ஆபீஸ் எல்லாவற்றையும் அதன்படி ஓடவிட்டது. ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸில் அந்தச் சொல்லுக்குத் தனித்தனியாக இருத்தல் என்று பொருள். தமிழில் இனஒதுக்கல் என்று எழுதுவது சரியாக இருக்கும்.

1948-ல் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949-ல் வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்யத் தடை. 1950-ல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம், எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரிக்கும் சட்டம். 1953-ல் பூங்கா பெஞ்சு முதல் பஸ், கடற்கரை வரை தனித்தனியாக்கும் சட்டம். அதே வருடம் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மட்டமான தனிப் பாடத்திட்டம். யார் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் சொருகிப் பார்ப்பார்களாம். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி வேறு வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும், இந்தப் பென்சில் மறக்காது.

எந்த வயசுப் பிள்ளைங்களுக்குக் காட்டலாம்?

பத்து வயதுக்கு மேல் தாராளமாக. ரத்தம் தெறிக்கும் காட்சிகள் இல்லை. கறுப்பின மக்களை இழிவுபடுத்த வெள்ளையர் சொல்லும் ஒரு வசைச்சொல் வருகிறது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தென்னாப்பிரிக்காவில் இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவரைத் திட்டினால் வழக்குப் போடலாம். அது வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, ஏன் கெட்ட சொல் என்று இரண்டு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள். வசனம் ஆங்கிலம் என்பதால் சின்னவர்களுக்கு நாங்கள் எப்படியும் நிறுத்தி நிறுத்தித்தான் போடுகிறோம்.

முதல்ல பார்த்ததும் மாரீ ரூமைவிட்டே வெளிய வரமாட்டேங்கிறா. பயமா, திமிரா?

இரண்டும் கலந்தது. அவள் ஊரில் கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்குள் வேலை செய்யத்தான் வருவார்கள். இங்கே சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரே கறுப்பினத்தவர். வீடு அவருடையது, சட்டம் இயற்றுகிற ஆள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு இடமே கிடையாது.

பைப்பர் செய்வதையும் கவனிக்கச் சொல்லுங்கள். அவளும் ஏமாற்றமடைகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். ஆனால் அவளுடைய ஏமாற்றத்தால் மாரீக்கு எந்த நஷ்டமும் இல்லை. மாரீயின் எண்ணத்துக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நிற்கிறது. ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு’ என்று சமாதானம் சொல்லி இந்தக் காட்சியை முடிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாமலா இருக்கும்? நம்பற மாதிரி இல்லையே.

எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே 1976 ஜனவரியில்தான் வந்தது. பணக்கார நாடு, ஆனாலும் அரசு அதுவரை அனுமதிக்கவில்லை. வந்ததும் அரசின் கையில்தான் இருந்தது. கறுப்பின மக்களின் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே, நடுவில் வெற்றுநிலம் விட்டு, வெள்ளையர் கண்ணில் படாதபடி கட்டப்பட்டன. பள்ளிக்கூடம், பஸ், கடற்கரை எல்லாம் தனி என்று மேலே சொன்னேன். இப்படி வளர்கிற பிள்ளை பார்க்கும் ஒரே கறுப்பினப் பெண், வீட்டில் வேலை செய்பவர்.

அதற்காக ஒன்றுமே தெரிந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. 1976 ஜூன் 16 அன்று ஜொஹானஸ்பர்க் அருகே உள்ள கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில், ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் பாடம் படிக்கக் கட்டாயப்படுத்தியதை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஹெக்டர் பீட்டர்சனுக்கு 12 வயது. கதை நடப்பது அடுத்த வருடம். போலீஸ்காரர் வீட்டில் அந்தப் பேச்சு நிச்சயம் அடிபட்டிருக்கும், அப்பா சொன்ன விதத்தில்.

மாரீயோட அப்பா வீட்டுல அவ்வளவு பாசமா இருக்காரே, அவர் கெட்டவரா?

மகளிடம் பாசமான அப்பா. ஸ்டீவ் பீகோ பிடிபட்டார் என்ற செய்தி வந்ததும் சந்தோஷப்படுகிறவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம். மாரீக்கும் அதுதான் படத்திலேயே கடினமான பாடம்.

அந்த ஸ்டீவ் பீகோ யாரு? படத்துல பேர் மட்டும் வருது, முகம்கூட சரியா காட்டல.

இவரைத் தெரியாமல் படத்தின் பின்பாதி புரியாது. 1946-ல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். கறுப்பின மாணவர்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கியவர்களில் முதன்மையானவர். ‘நீ தாழ்ந்தவன்’ என்று ஆளுகிறவன் சொன்னதை நம் மக்களே நம்பத் தொடங்கியதுதான் பெரிய சங்கிலி, முதலில் அதை அறுக்க வேண்டும் என்பது அவர் சொல்லிவந்த கருத்தின் சாரம். கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் என்று அதற்குப் பெயர்.

1977 ஆகஸ்ட் 18 அன்று சாலையில் மறித்துக் கைது செய்தார்கள். போர்ட் எலிசபெத்தில் விசாரணையின்போது தலையில் பலத்த காயம். அந்த நிலையிலேயே உடம்பில் துணியில்லாமல், விலங்கோடு, ஜீப்பின் பின்பக்கத்தில் கிடத்தி 1,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று சிறையில் இறந்தார். வயது 30. உண்ணாவிரதம் இருந்து செத்தார் என்பதுபோல அமைச்சர் முதலில் சொன்னார். பிரேதப் பரிசோதனையில் மூளைக் காயம் என்று தெரிந்தது. சின்னப் பிள்ளைகளிடம் நான் இவ்வளவும் சொல்வதில்லை. ‘போலீஸ் காவலில் அடித்ததில் இறந்துபோனார், பொய் சொன்னார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த அளவாவது சொல்லியே ஆக வேண்டும்.

தூதரகத்துக்காரங்க எதுக்கு மாரீயை வந்து கூட்டிட்டுப் போறாங்க?

பீகோ இறந்த செய்தி உலகம் முழுக்கக் கொதிப்பை உண்டாக்கியது. அந்த நேரத்தில் போலீஸ்காரர் மகள், அரசைக் கடுமையாக எதிர்க்கும் ஒரு கறுப்பின எம்.பி. வீட்டில் இருக்கிறாள் என்பது அவர்களுக்குச் சங்கடம். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அழைத்துப்போகிறார்கள். ரான் தூதரகத்துக்கே போய் நின்று அவளைத் திரும்பக் கூட்டிவருகிறார்.

மீண்டு வந்த மாரீ, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பதுபோல விவரம் புரியாமல் பேசிவிடுகிறாள். தன்னை மீட்டுக் கொண்டுவந்தவரின் வீட்டிலேயே. பிள்ளைகள் இங்கே ‘அய்யோ’ என்று தலையில் கைவைப்பார்கள். இந்தக் காட்சியை எழுதியவருக்கு ஒரு வணக்கம். பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாக முடித்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை.

ஃப்ளோராவை நல்லாத்தானே வச்சிருக்காங்க? அடிக்கல, திட்டல. அப்புறம் என்ன குறை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். ஃப்ளோரா தென்னாப்பிரிக்காவில் மாரீயின் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண். மாரீ அவரைத் தன் நெருங்கிய தோழி என்றே நினைக்கிறாள். அவர் அங்கே சந்தோஷமாக இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை படத்தின் நடு மையம் ஃப்ளோராதான். இரண்டாவது முறை பார்க்கும்போது அவரை மட்டும் பாருங்கள்.

அன்றைக்கு வீட்டுவேலைக்கு வந்த பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன அறை. புருஷன் ஒரு ராத்திரி வந்து தங்கினாலும் சட்டப்படி குற்றம், போலீஸ் கதவைத் தட்டும். சொந்தப் பிள்ளைகளைத் தூரத்து ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு, முதலாளியின் பிள்ளைகளை வளர்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் இருக்கக்கூடாது. எப்போதும் கையில் பாஸ் புத்தகம் (நகரத்தில் இருக்க அனுமதி காட்டும் அடையாளப் புத்தகம்), அதில் முதலாளி மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விட்டுப்போனால் ஜெயில். பெண்களுக்கும் பாஸ் என்றபோது 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு அலுவலகம் முன் திரண்டு நின்றார்கள். இன்றும் அந்த நாள் அங்கே பெண்கள் தினம்.

வேலைக்காரப் பெண்ணுக்கென்று எனாமல் குவளையும் தட்டும் தனியாக இருக்கும் என்று நான் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் கை தூக்கினாள். ‘எங்க ஆயாவுக்கும் அவங்க வேலை செஞ்ச வீட்டுல தனி டம்ளர்தான்’ என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லாத்தானே வச்சிருக்காங்க என்று கேட்டவர் அன்றைக்கு அதே அறையில்தான் இருந்தார்.

ஃப்ளோரா சொல்ற குருவிக்கதை நிஜமா? வேற வேற பறவை ஒரே கூட்டுல இருக்குமா?

இருக்கும். நம் தூக்கணாங்குருவியின் உறவுக்காரக் குருவி ஒன்று தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் கலஹாரிப் பகுதியில் வாழ்கிறது. தூக்கணாங்குருவி ஆளுக்கொரு கூடு தொங்கவிடும். இந்தக் குருவிகள் ஒன்றுசேர்ந்து, மரத்தில் வைக்கோல்போரைத் தூக்கி வைத்த மாதிரி ஒரே பெரிய கூடு கட்டும். அதற்குள் தனித்தனி அறைகள், நூறைத் தாண்டுவதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அதையே செப்பனிட்டு வாழும். காலியான அறைகளில் வேறு சின்னப் பறவைகளும், ஒரு குட்டி வல்லூறும்கூடக் குடியேறும்.

‘வல்லூறு குருவியைத் தின்னாதா?’ என்று ஒரு பையன் கேட்டான். அந்த வல்லூறின் முக்கிய இரை பல்லியும் பூச்சியும்தான், ஆனால் எப்போதாவது குருவிக்குஞ்சையும் எடுத்துவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். ‘அப்ப ஃப்ளோராவுக்கு அது தெரிஞ்சிருக்கும்’ என்றான். அதன்பிறகு அந்தக் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?

அமெரிக்காவுல மட்டும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?

இல்லை. பொது இடங்களில் பிரித்து வைப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்ததே 1964-ல். ஓட்டுரிமைச் சட்டம் 1965-ல். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கல்யாணம் செய்யத் தடை விதித்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல். கதை நடக்கும்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது. டெல்லம்ஸ் வீட்டுப் பெரியவர்கள் எல்லாவற்றையும் பட்டுத் தெரிந்தவர்கள் என்பதால்தான் மாரீயின் பேச்சு அவர்களுக்கு அவ்வளவு சுருக்கென்று படுகிறது.

தென்னாப்பிரிக்காவுலதான் நம்ம தமிழங்க நிறைய பேர் இருந்தாங்களே? படத்துல ஒருத்தரையும் காணோம்.

படம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அபார்தைட் அவர்களை இந்தியர் என்று தனி இனமாகப் பதிவு செய்தது. டர்பனில் கேட்டோ மேனரில் வீடும் கோயிலும் கட்டி வாழ்ந்தவர்களைக் கிளப்பி, சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே 1980கள் வரை தடை இருந்தது.

பீகோவோடு நேரடித் தொடர்பும் உண்டு. அவருடைய இயக்கம் ‘கறுப்பர்’ என்று சொன்னபோது இந்தியர்களையும் கலப்பினத்தவரையும் சேர்த்தே சொன்னது. அவருடன் சேர்ந்து மாணவர் அமைப்பை வளர்த்த ஸ்ட்ரினி மூட்லி, அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறைக்குப் போனவர். மூட்லி என்பது முதலியார் என்ற பெயர் அங்கே மருவியது. 1984-ல் இந்தியருக்கென்று நாடாளுமன்றத்தில் தனி அவை தருகிறோம் என்று அரசு ஆசை காட்டித் தேர்தல் வைத்தபோது பெரும்பாலானோர் ஓட்டுப்போடப் போகவில்லை. தனக்கு ஒரு படி மேலே இடம் கிடைக்கிறது என்றபோது வேண்டாம் என்றவர்கள். இவர்களைப் பற்றி யாராவது பிள்ளைகளுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இன்னொன்று. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா வந்தது, எதிரணி தென்னாப்பிரிக்கா. அபார்தைட்டைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை அவர்களுக்குப் போனது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

எல்லாம் சரி, கடைசியில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு மனசு மாறினதுதானே கதை? கஷ்டப்பட்டது வேற யாரோ.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டது. குறை நியாயமானது. பீகோ பெயராக மட்டும் வருகிறார், ஃப்ளோராவின் பிள்ளைகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூலக்கதையை எழுதியது பைப்பர் என்ற கறுப்பினப் பெண் என்பதையும் பாருங்கள். தன் வீட்டுக்கு வந்தவள் எப்படி மாறினாள் என்று பைப்பர் பார்த்துச் சொன்ன கதை இது. பொறுத்துக்கொண்டது, சொல்லிக்கொடுத்தது, கோபப்பட்டது, மறுபடி கதவைத் திறந்தது எல்லாம் அவள் வீட்டார். அவர்களுக்கு எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும் என்று படம் இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

ஒரு சிநேகிதத்தால் அபார்தைட் ஒழிந்தது என்று மட்டும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 1977-க்குப் பிறகும் 17 வருடம் ஆயிற்று, எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தல் 1994 ஏப்ரல் 27-ல் நடக்க. போராட்டம், சிறை, வேலைநிறுத்தம், தடை, இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த 14 வருட மசோதா, எல்லாம் சேர்ந்துதான் நடந்தது.

கடைசியில கோட்டுக்குள்ள என்னமோ காட்டுறாளே, அது என்ன கொடி? ஏன் உள்பக்கம் தைச்சு வச்சிருக்கா?

ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கொடி. கறுப்பு, பச்சை, பொன்மஞ்சள். நெல்சன் மண்டேலாவின் இயக்கம். 1960 முதல் 1990 வரை தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டிருந்தது, அதன் கொடியையோ சின்னத்தையோ வைத்திருந்தால் வழக்கு. மாரீ ஊர் திரும்பியதும் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, கோட்டைத் திறந்து உள்துணியில் தைத்திருக்கும் கொடியை ஃப்ளோராவுக்குக் காட்டுவது. போலீஸ்காரர் வீட்டில்.

போன மாதம் இந்தக் காட்சி முடிந்ததும் ஒரு பையன் பதறிப்போய், ‘கோட்டைத் துவைக்கப் போட்டா அப்பாகிட்ட மாட்டிப்பாளே’ என்றான். அந்த வீட்டில் துணி துவைக்கிறது ஃப்ளோராதான் என்று பக்கத்திலிருந்த அவன் அக்கா சொன்னாள்.